இந்தச் சூலுக்கு மாதக் கணக்கு இல்லை!

தத்துக் குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில் உடம்பையும் மனசையும் எப்படிப் பார்த்துக்கொள்வது? கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு சித்த மருத்துவர் எழுதுகிறார்.

சென்னையிலிருந்து திருப்பதி போகிற நெடுஞ்சாலையில், திருத்தணிக்கு முன்னால் வருகிற ஊர் எங்கள் கனகம்மாசத்திரம். காலையில் வைத்தியசாலைக் கதவைத் திறந்தால் முதலில் வருகிறவர்கள் மூட்டுவலிக்காரர்கள்தான். அவர்களில் ஓர் அம்மாள் மாதா மாதம் கிருத்திகைக்கு மறுநாள் தவறாமல் வந்துவிடுவார். முதல் நாள் திருத்தணி மலையில் படியேறியிருப்பார். முழங்கால் வீங்கியிருக்கும்.

"ஏம்மா, மலை மேலேயே பஸ் போகுதே. இந்த வயசில 365 படியும் ஏறணுமா?" என்று கோபித்துக்கொண்டே உளுந்துத் தைலத்தை எடுத்துக் கொடுப்பேன்.

"வருஷத்துக்கு 365 நாளு, மலைக்கு 365 படி. ஒரு படி ஏறினா ஒரு நாள் கழிஞ்சாப்பல இருக்குது டாக்டரு" என்பார் அவர்.

அவர் கழித்துக்கொண்டிருந்தது தன் மகனுடைய, மருமகளுடைய நாட்களை. அவர்கள் ஐரோப்பாவில் ஒரு நாட்டில் இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். பெயரும் நாடும் வேண்டாம், மற்றதெல்லாம் எழுதுங்கள் என்று அவர்களே சொன்னதால் எழுதுகிறேன்.

என் தவறு

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தம்பதி குழந்தை வேண்டுமென்று என்னிடம் வந்தபோது பெண்ணுக்கு 34 வயது, கணவருக்கு 37. அமுக்கரா லேகியம், தண்ணீர்விட்டான் நெய் என்று ஆரம்பித்தேன். உடம்பு தேறியது, மாதவிலக்கு சீரானது. குழந்தை மட்டும் வரவில்லை. நடுவில் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போனார்கள். அங்கேயும் ஊரிலிருந்து போகிறவர்கள் கையில் மருந்து போய்க்கொண்டே இருந்தது. ஆங்கில மருத்துவத்தில் சோதனைக் குழாய் முறையும் இரண்டு தடவை பார்த்துவிட்டார்கள்.

இப்படி ஐந்து வருஷம்! "போதும், வேறு வழியை யோசியுங்கள்" என்று இரண்டாவது வருஷமே நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. பாளையங்கோட்டை கல்லூரியில் எந்த மருந்தை எப்போது தொடங்குவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். எப்போது நிறுத்தச் சொல்வது என்பதை நோயாளிகளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஐந்து வருஷம் ஏன் பெரிய விஷயம்? தத்தெடுப்பதற்கும் வயது வரம்பு உண்டு. 2022-ம் ஆண்டு தத்து ஒழுங்குமுறைகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன், மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு 90. 4 முதல் 8 வரை 100. அதற்கு மேல் 18 வரை 110. ஒரு வருஷம் போனால் இந்தக் கணக்கில் இரண்டு வயது ஏறிவிடும்!

அவர்கள் பதிவு செய்தபோது அவருக்கு 43, அவளுக்கு 40. கூட்டினால் 83. கைக்குழந்தைக்கான வரிசையில் நிற்கலாம்தான். ஆனால் வரம்பு தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது. "கைக்குழந்தை ஆசையை விட்டுட்டோம் டாக்டர். ரெண்டுலேர்ந்து நாலு வயசுன்னு குறிச்சிட்டோம்" என்று அந்தப் பெண் போனில் சொன்னபோது, அந்த ஐந்து வருஷத்தில் பாதி என் கணக்கு என்பது எனக்குத் தெரிந்தது.

எதற்கு இத்தனை வருஷம்?

"அனாதைக் குழந்தைகள் எவ்வளவோ இருக்குதே, ஒண்ணைக் கொடுக்க இத்தனை வருஷமா?" இந்தக் கேள்வியை அந்த அம்மாளும் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள்.

விடுதியில் இருக்கிற எல்லாக் குழந்தைகளும் தத்துக்கு உரியவர்கள் அல்ல. பலருக்கு அம்மாவோ அப்பாவோ உறவோ இருக்கிறது. ஒரு தாய் தன் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தால், மனசு மாறித் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்குச் சட்டம் 60 நாள் அவகாசம் தருகிறது. கண்டெடுத்த குழந்தை என்றால் பெற்றோரைத் தேடிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் "இந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம்" என்று குழு அறிவிக்கும். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே வந்த குழந்தைகளுக்கும் இதுபோலச் சட்டப்படிதான் வீடு தேட வேண்டியிருந்தது.

இப்படி அறிவிக்கப்படும் சின்னக் குழந்தைகள் குறைவு. கேட்டு நிற்பவர்களோ அதைப் போலப் பல மடங்கு. அதனால்தான் ஆரோக்கியமான சின்னக் குழந்தைக்கு மூன்று வருஷத்துக்கு மேலும் ஆகிவிடுகிறது.

வெளிநாடு என்றால் இன்னும் கொஞ்சம் கெடுபிடி உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. ஒரு காலத்தில் இங்கிருந்து குழந்தைகள் கேள்வி முறையில்லாமல் கடல் தாண்டிப் போனார்கள். லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே வழக்காக எடுத்து, 1984-ல் நீதிபதி பகவதி தீர்ப்பு வழங்கினார். குழந்தைக்கு முதலில் உள்நாட்டில் வீடு தேட வேண்டும், கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு என்ற வரையறை அப்போது வந்தது. 1993-ல் ஹேக் நகரில் பல நாடுகள் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்தன. இந்தியா 2003-ல் அதில் இணைந்தது. இன்று எல்லாமே டெல்லியிலுள்ள 'காரா' என்கிற மத்திய தத்து ஆணையத்தின் வழியாகத்தான்.

இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கு இங்கே இருப்பவர்களுக்குச் சமமான வரிசை உண்டு. நம் தம்பதி அந்த வரிசையில்தான் நின்றார்கள்.

பெட்டிக்குள்ளே ஒரு சின்ன கவுன்

காத்திருப்பு என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறோம். அந்த வீட்டு நடப்பைக் கேளுங்கள்.

அங்கே ஒரு சமூகப் பணியாளர் வீட்டு ஆய்வுக்கு வந்தார். ஒரு தடவை அல்ல, பல தடவை. சம்பளம், சேமிப்பு, போலீஸ் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் பார்த்த பிறகு, "நீங்கள் இரண்டு பேரும் எப்படிச் சண்டை போடுவீர்கள்?" என்று கேட்டாராம். நம்ம ஆள் பெருமையாக, "நாங்கள் சண்டையே போட மாட்டோம்" என்றிருக்கிறார். அந்த அம்மையார் சிரிக்காமல் எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் வந்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாராம்! "அப்பத்தான் உண்மையைச் சொன்னேன் டாக்டர். நான் ரெண்டு நாள் பேச மாட்டேன், அவ சமைக்க மாட்டா" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டு நாள் மௌனம் அரை நாளாகக் குறைந்தது என்பது அந்தப் பெண் தந்த தகவல்.

ஒரு அறையைக் காலி செய்து வைத்தார்கள். தொட்டில் வாங்குவதா, கட்டில் வாங்குவதா? எத்தனை வயதுக் குழந்தை என்று தெரியாதே! ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் கடைத்தெருவில் ஒரு சின்ன கவுனைப் பார்த்து வாங்கி, கணவருக்குத் தெரியாமல் பெட்டியில் வைத்திருக்கிறாள். மூன்று மாதம் கழித்து அவர் எதையோ தேடப் போய்ப் பெட்டியைத் திறந்தால், அந்த கவுனுக்கு மேலே வைக்க அவரிடமும் ஒரு பொம்மை இருந்தது. அவரும் ஒளித்து வைக்கத்தான் இடம் தேடியிருக்கிறார்.

மாசமாக இருக்கிற பெண்ணுக்கு மசக்கை, வளைகாப்பு, சீமந்தம் என்று ஊரே கூடுகிறது. "என்ன சாப்பிடத் தோணுது?" என்று கேட்க ஆள் இருக்கிறது. இவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்டால், "இன்னும் ஒண்ணும் வரலியா?" என்ற கேள்விதான். ஊரில் ஒரு சீமந்தத்துக்குப் போனபோது, வளையல் அடுக்க இவளைக் கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அந்தப் பெண் சாப்பிடவில்லை. மாமியார்தான் தட்டோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாராம்.

"நம்ம திருவாலங்காட்டுல இருக்காங்களே காரைக்கால் அம்மையார், அவங்க எந்தப் பிள்ளையைப் பெத்தாங்க? சாமியே 'அம்மையே'ன்னு கூப்பிட்டுதே. நீ சாப்பிடு" என்றாராம். படிக்காத அம்மாள். நான் எழுதிக் கொடுத்திருக்கக்கூடிய எந்தச் சூரணமும் அந்த ராத்திரி அத்தனை வேலை செய்திருக்காது.

நாலு லட்சம், ஒரே வாரம்!

இரண்டாவது வருஷம் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஒரு தூரத்து உறவுக்காரர் வந்து சேர்ந்தார். "ஆஸ்பத்திரியில தெரிஞ்சவங்க இருக்காங்க. நாலு லட்சம். ஒரே வாரம். உங்க பேரிலேயே பிறப்புச் சான்று" என்றார்.

அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்து அழுதாள். "தப்புன்னு தெரியுது டாக்டர். ஆனா மனசு சரின்னு சொல்லுது" என்றாள்.

நான் சொன்னது இதுதான். "நாலு லட்சத்தில் அந்தக் குழந்தையைப் பெற்றவளுக்கு எவ்வளவு போகும்னு நினைக்கிறே? அவளுக்கு அந்த 60 நாள் கிடைச்சுதான்னு யார் கேட்டது? நாளைக்கு அவ தேடி வந்தா, உன் மடியில் இருக்கிற குழந்தையை என்ன செய்வே?"

வாசகர்களும் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தையை விற்பது, வாங்குவது இரண்டுமே இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கக்கூடிய குற்றம். 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் வேலையிலிருந்து விலகிய ஒரு செவிலி குழந்தைகளுக்கு விலை பேசிய ஒலிப்பதிவு வெளியாகி, கைது வரை போனது எல்லோருக்கும் தெரியும். பொய்ச் சான்றோடு வந்த குழந்தைக்கு ஆயுசு முழுவதும் அந்தப் பொய்யும் கூடவே வரும்.

அவர்கள் உறவுக்காரரைத் திருப்பி அனுப்பினார்கள். சும்மா இல்லை, அந்த ராத்திரி முழுக்க விழித்திருந்து முடிவெடுத்தார்கள்.

தூக்கம், சாப்பாடு, போன்

இனி என் துறைக்கு வருகிறேன். காத்திருப்பவர்களுக்கு வருகிற முதல் தொல்லை தூக்கம் கெடுவது. கவலை மிஞ்சினால் வாதம் மிஞ்சும் என்பது எங்கள் மருத்துவம். வாதம் மிஞ்சினால் தூக்கம் குறையும், மலம் கட்டும், உடம்பு வலிக்கும். இந்த மூன்றும் அந்தப் பெண்ணுக்கு இருந்தது. கணவருக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தது.

தூக்கம் கெட்டதற்கு முக்கியக் காரணம் போன்! டெல்லியிலிருந்து தகவல் வந்துவிட்டால் தவறிவிடுமோ என்று தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு, மணிக்கு ஒரு தடவை விழித்துப் பார்த்திருக்கிறாள். குழந்தையின் விவரம் வந்தால் பதில் சொல்ல அவகாசம் தருகிறார்கள். ராத்திரி தூங்கி எழுந்து காலையில் பார்த்தால் ஒன்றும் கெட்டுப் போகாது. "பத்து மணிக்கு மேல் போனைக் கூடத்தில் வை" என்றேன். ஒரு வாரத்தில் பாதித் தூக்கம் திரும்பியது.

மற்றதெல்லாம் நம் வீட்டு வைத்தியம்தான். வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய்க் குளியல் (அந்தக் குளிரில் வெந்நீரில்தான்). ராத்திரி சீக்கிரமே, எளிதாகச் செரிக்கிற சாப்பாடு. மாலையில் இரண்டு பேரும் சேர்ந்து முக்கால் மணி நேரம் நடை. அந்த நடையில் குழந்தைப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. ஆறு மாதத்தில் அவர் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அவருடைய ஆங்கில மருந்தை நான் நிறுத்தவில்லை. நீங்களும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

ஓடியாடும் பிள்ளையைத் தூக்கப் போகிற உடம்பு இது. 43 வயதில் அம்மாவாகப் போகிறவளுக்கு இடுப்பும் முழங்காலும் உறுதியாக இருக்க வேண்டாமா? பிரசவத்துக்கு உடம்பைத் தயார் செய்வது போல இதற்கும் தயார் செய்ய வேண்டும்.

அந்தக் கெடு நேரம்

பதிவு செய்து மூன்று வருஷம் இரண்டு மாதம் ஆனபோது ஒரு ராத்திரி என் போன் அடித்தது. "டாக்டர், போட்டோ வந்திருக்குது!" என்றாள். அதற்கு மேல் பேச முடியவில்லை. கணவர்தான் வாங்கிப் பேசினார்.

ஒடிசாவிலிருந்து ஒரு பெண் குழந்தை. வயது இரண்டே கால். குறைமாதத்தில் பிறந்தவள், பிறந்தபோது எடை 1.6 கிலோ. இப்போது 9 கிலோ. இரத்தச்சோகை. பேச்சு கொஞ்சம் தாமதம்.

"நீங்க சொல்லுங்க டாக்டர், சரின்னு சொல்லலாமா?"

ஏற்கனவே ஒரு தடவை வாய் திறக்காமல் அவர்கள் வருஷங்களைக் கரைத்தவன் நான். இந்தத் தடவை தெரியாத விஷயத்தில் வாய் திறந்துவிடக் கூடாது என்று தோன்றியது. "இது நான் சொல்கிற விஷயமில்லை தம்பி. குழந்தை நல மருத்துவர்கிட்ட மருத்துவ அறிக்கையைக் காட்டுங்க. எடை எப்படி ஏறி வந்திருக்குதுன்னு கேளுங்க. காது கேட்கும் பரிசோதனை செஞ்சாங்களான்னு கேளுங்க" என்றேன்.

கேட்டார்கள். எடை மெதுவாக, ஆனால் விடாமல் ஏறியிருந்தது. காதில் குறையில்லை. நல்ல சாப்பாடும் பேச்சுக்கு ஆளும் கிடைத்தால் தேறிவிட வாய்ப்பு அதிகம், உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். "உறுதி சொல்ல முடியாது"ங்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். 41-வது மணி நேரத்தில் சம்மதம் சொன்னார்கள்.

"வயித்துல வர்ற குழந்தைக்கு மட்டும் யாரு உறுதி குடுக்கறாங்க டாக்டர்?" என்றாள் அந்தப் பெண்.

இரண்டாவது காத்திருப்பு

கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வெளிநாடு என்பதால் அந்த நாட்டின் ஒப்புதல், காராவின் தடையின்மைச் சான்று, மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை, பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் என்று வரிசை இருக்கிறது. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் ஆட்சியரே வழங்குகிறார். இந்த இரண்டாவது காத்திருப்புதான் கடினம் என்கிறார்கள். முன்பு முகம் தெரியாது. இப்போது முகம் தெரிந்துவிட்டது. "இந்நேரம் சாப்பிட்டிருப்பாளா?" என்ற கேள்வி வந்துவிட்டது.

நிறுவனத்தின் அனுமதியோடு வாரம் ஒரு தடவை வீடியோவில் பார்க்கிறார்கள். குழந்தைக்குத் தெரிந்த மொழி ஒடியா. அந்தப் பெண் இருபது ஒடியா வார்த்தைகளை எழுதிச் சமையலறையில் ஒட்டியிருக்கிறாள். ஒரு பிரதி மாமியாருக்கும் வந்திருக்கிறது. 'பாணி' என்றால் தண்ணீர். 'போக' என்றால் பசி.

"பாருங்க டாக்டரு, 'போக'ன்னு அழுதா, எங்கியோ போவணும்னு அழுவுதுன்னு நெனச்சிடுவேன் இல்லே? பசிக்குதாம்!" என்று அந்த அம்மாள் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குகிற எல்லை ஊர் இது. இன்னொரு மொழி வீட்டுக்குள் வந்தால் இடமா இல்லாமல் போகும்? தன்னைக் குழந்தை 'அவ்வா' என்று கூப்பிட வேண்டும் என்பது மட்டும் அவர் தீர்மானம்.

இதை எழுதுகிற இன்று வரை ஆட்சியர் ஆணை வரவில்லை. போன கிருத்திகைக்கு மறுநாள் அந்த அம்மாள் வந்தார். வீக்கம் இல்லை.

"படி ஏறலையா?" என்றேன்.

"பஸ்ஸுல போய்ட்டு வந்தேன். குழந்தை வந்தா தூக்கிக்கிட்டு ஏறணும். முழங்காலைப் பத்திரமா வச்சிக்க வேணாமா?" என்றார்.

நான் பல வருஷமாகச் சொல்லிக் கேட்காத வைத்தியம் அது!

காத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

* சிகிச்சைக்கு ஒரு கெடு வையுங்கள். "எவ்வளவு நாள் பார்க்கலாம்?" என்று முதல் நாளே மருத்துவரைக் கேளுங்கள். சிகிச்சை நடக்கும்போதே தத்தைப் பற்றியும் பேசுங்கள். வயது வரம்பு காத்திருக்காது.

* பதிவு காராவின் இணையதளத்தில் மட்டுமே. உள்ளூரில் விவரம் கேட்க, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. ஆபத்திலோ ஆதரவில்லாமலோ ஒரு குழந்தையைப் பார்த்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

* கட்டணம் அரசு நிர்ணயித்தது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

* குழந்தை வந்த பிறகும் இரண்டு வருஷம் அறிக்கை கேட்பார்கள். சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். குழந்தையின் மேல் உள்ள அக்கறை அது.

* தத்து என்பதைக் குழந்தையிடம் மறைக்காதீர்கள். கதை கேட்கிற வயதிலேயே கதையாகச் சொல்லிவிடுங்கள். ஊரார் வாயிலிருந்து தெரிவதைவிட அது மேல்.

* உறவினர்களுக்கு: "இன்னும் வரலியா?" என்று கேட்காதீர்கள். "என்ன சாப்பிடத் தோணுது?" என்று கேளுங்கள். அந்த வீடும் சூல் கொண்ட வீடுதான்.